திரையில் வைத்த அடிமட்டம்

நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய கிளேட்டனின் நூலகத்தில் சனிக்கிழமைகளில் வம்சாவளி தேடுவோருக்கு உதவுகிறவர், எல்லாரும் மன்னார் அங்கிள் என்று கூப்பிடும் முதியவர். வெள்ளைக்காரரின் பழைய குடிசன மதிப்புப் பதிவோ, எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவோ, எதுவானாலும் கணினித் திரையில் அடிமட்டத்தை, கோடு போடும் அளவுகோலை, வைத்துத்தான் வரிவரியாக வாசிப்பார்.

என் பூட்டனின், அதாவது பாட்டனுடைய தகப்பனின், பெயர் இருந்திருக்க வேண்டிய பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. நான் போக எழும்பிவிட்டேன்.

“இருங்கோ பிள்ளை. மற்றப் பிள்ளையளுக்கு அவர் ஞானத்தகப்பனா நிண்டவரோ எண்டு பாப்பம்.”

மூன்று சனிக்கிழமைகள் தேடினார். பூட்டன் ஒன்பது குழந்தைகளை ஞானஸ்நானத்தில் ஏந்தி, ஞானத்தகப்பனாக நின்றிருந்தார்.

“அவருக்கு ஊரில சொந்தம், சிநேகிதம் எண்டு ஒருத்தருமில்லை எண்டுதான் வீட்டில சொல்லுவினம், அங்கிள்.”

அடிமட்டத்தால் திரையைத் தட்டினார். “இவ்வளவு சனம் நம்பிப் பிள்ளையைக் கையில குடுத்திருக்கு. ஒருத்தருமில்லையோ?”

அடுத்த மாதம் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க மன்னார் அங்கிளைத்தான் கேட்டிருக்கிறோம்.