செயின் இல்லாத வீடு

திண்டிவனத்தில் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிரில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, எதைப் பற்றிக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லுவேன். 'தெரியாது' என்றால் வந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் அந்த வார்த்தை என் வாயில் வந்து பழக்கமே இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் என் மகளும் மருமகனும் வீடு தேட ஆரம்பித்தபோது, எங்கள் சம்பந்தி என்னைத்தான் நம்பினார். அவர் விழுப்புரம் பக்கம் காணையில் கரும்பு பயிரிடுபவர். மகன் போனில் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"சம்பந்தி, செமி டிடாச்டு வீடுன்றானே, அப்டின்னா இன்னாங்க?"

"ரெண்டு வீடு ஒட்டிக்கினு நிக்கும். நடுச்சுவர் பொது. மத்த மூணு பக்கமும் தனி."

இது சரியாக இருந்துவிட்டது. அதில் எனக்குத் தைரியம் கூடிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மகள் ஒரு வீட்டு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தேன். மூன்று படுக்கையறை. ஃப்ரீஹோல்டு, அதாவது கட்டடத்தோடு மண்ணும் நமக்கே சொந்தம். கடைசி வரியில் 'நோ ஆன்வர்டு செயின்' என்று இருந்தது.

எனக்குத் தெரிந்த செயின் ஒன்றுதான். சர்வேயர் நிலம் அளக்க வரும்போது அவருடைய ஆள் இழுத்துக்கொண்டு வருகிற சங்கிலி.

"செயின் கெடையாதுன்னு அவங்களே எழுதிட்டாங்க சம்பந்தி. அளக்காத மனை. நாளைக்கு எல்லைத் தகராறு வரும்."

"எங்க பங்காளி வரப்பத் தள்ளிக்கினே வந்தானே, அந்த மாதிரியா?"

"அதேதாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. உடனே மகளுக்கு வீடியோ கால் போட்டேன். "பாப்பா, செயின் இல்லாத வீட்ட வாங்காத."

"அப்பா, செயின் இல்லாததுதாம்பா நமக்கு நல்லது."

பின்னாலிருந்து மருமகன் எட்டிப் பார்த்தார். "ஆமாம் மாமா. போன மாசம் செயின் ஒடைஞ்சிபோயி எவ்ளோ கஷ்டப்பட்டோம் தெரியுங்களா?"

சமையலறையிலிருந்து ரசக் கரண்டியோடு சம்பந்தியம்மா வந்து நின்றார். "ஒடைஞ்சிபோச்சா? கல்யாணத்துல நாங்க போட்ட செயினா? ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? குடுத்து வுட்டிருந்தா இங்கயே பத்த வெச்சிருப்பமே."

அவர் பின்னாலேயே என் மனைவி வந்தாள். "செயின இன்னாடி பண்ணே? வித்துட்டியா?"

மகள் ஸ்வெட்டருக்குள் கை விட்டுச் செயினை வெளியே எடுத்துக் காட்டினாள். சம்பந்தியம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, டாலரும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மருமகன் பொறுமையாக விளக்கினார். வீட்டை விற்கிறவர் குடிபோக வேறு வீடு வாங்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காகக் காத்திருப்பார். இப்படி ஒருவர் பின் ஒருவராக நிற்பதற்குத்தான் அங்கே செயின் என்று பெயர். நடுவில் ஒருவர் பின்வாங்கினால் எல்லாருடைய வீடும் போச்சு.

"கரும்பு மில்லு வாசல்ல லாரி நிக்கறாப்பல," என்றார் சம்பந்தி. "முன்னாடி லாரி நகரலன்னா நம்ம லோடு காய வேண்டியதுதான்." அவருக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

அந்த வீட்டையே பேசி முடித்தார்கள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் சம்பந்தி பதற்றமாகப் போன் செய்தார்.

"வெள்ளிக்கிழம எக்ஸ்சேஞ்சுன்றான். விழுப்புரத்துல ஒரு பத்திரக்காரரக் கேட்டேன். ஒரு நெலத்தக் குடுத்து இன்னொண்ண வாங்கறதுன்னாரு. என் கரும்புக் கொல்லைய வெள்ளைக்காரன் வந்து இன்னாங்க பண்ணுவான்?"

என்னை விட்டு வேறு பத்திரக்காரரிடம் போனது வருத்தமாகத்தான் இருந்தது. நம் ஊர் வழக்கப்படி அந்த ஆள் சொன்னது சரிதான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியலீங்க சம்பந்தி. கேட்டுச் சொல்றேன்."

"உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டார்.

மகளைக் கேட்டேன். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வதுதான் அந்த எக்ஸ்சேஞ்சாம். சாவி இன்னொரு நாள் வருமாம். கரும்புக் கொல்லைக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் சம்பந்தி அன்றைக்குச் சாப்பிட்டார்.

சாவி வாங்கிய வாரம் பதிவேட்டு நகலை மகள் அனுப்பினாள். மனைக்கு வரைபடம் போட்டு, சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. நான்கெல்லை எழுதவில்லை. கிழக்கே யார், மேற்கே யார் என்று சொல்லாமல் ஒரு சொத்தை எப்படி நம்புவது?

"போயி விசாரிச்சிக்கினு வா பாப்பா," என்றேன்.

சிரித்தாள். ஆனால் போனாள். அவள் சொல்லச் சொல்ல நானே ஒரு தாளில் எழுதினேன். பூனை வளர்க்கும் அம்மாள் வீட்டுக்கு மேற்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் வீட்டுக்குக் கிழக்கு. தெருவுக்கு வடக்கு. கொல்லைப்புற வேலிக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கிறதாம், ஆளை இதுவரை பார்க்கவில்லையாம். அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.