ஒரு கிலோகூட இல்லாத லேப்டாப்

லேப்டாப்பின் எடை குறைந்தால் என் அலுப்பும் குறையும் என்று நம்பிய முட்டாள் நான். ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி, ஒரு கிலோகூட இல்லாத புது லேப்டாப்பை ஓசூர் ஆபீசில் ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பேக்டரிக்குப் போனேன். அங்கே கேட்டில் லேப்டாப்பின் அடியில் இருக்கும் நம்பரை எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். ஆறு வருடமாக ஒப்பித்துப் பழகிய வாய், பழைய லேப்டாப்பின் நம்பரையே சொல்லிவிட்டது. காலை நேர நெரிசலில் செக்யூரிட்டியும் பார்க்காமலே எழுதிக்கொண்டார். சாயங்காலம் திரும்பும்போதுதான் கவிழ்த்துப் பார்த்தார்.

“கொண்டாந்தது வேற, கொண்டு போறது வேற. இது யாருது சார்?”

“என்னுதுதாங்க. புதுசு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

ஐம்பது வயதில் லேப்டாப் திருடனாகப் போகிறேனே! ஜெயிலில் முதுகுவலிக்குத் தைலம் தருவார்களா என்றுகூட யோசித்தேன். ஆபீசுக்கு போன் செய்தால், காலையில் மெயில் அனுப்புகிறோம் என்றார்கள்.

“மெயில் வரட்டும், இங்கியே பத்திரமா இருக்கும். நீங்க கெளம்புங்க சார்.”

லேப்டாப்பை அவர் மேஜையில் விட்டுவிட்டு, வெறும் சார்ஜரோடு ஓசூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.