ஓட்டுக் கேட்டு வந்த அண்ணன் குரல்

அண்ணன் இல்லாமல் ஒரு வருடத்தைத் தள்ளிவிட்டோம். அவரை நினைத்து இன்று எங்கள் வீட்டுப் படியேறி வந்த சொந்தபந்தங்களுக்கும், பாட்டுக்கார நண்பர்களுக்கும் உடன்பிறந்த தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அண்ணி. நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த வருடம் நடந்ததையும் எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அண்ணன் பிறந்தது நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு வாய்க்கால் பாசன ஊரில். நாற்று நட ஒரு சாண் சொந்த நிலம் இல்லாத குடும்பம். அப்பா பிழைப்புத் தேடி மதுரைச் செல்லூருக்கு வந்தபோது, அண்ணன் படிப்பை விட்டுத் தறிக்குப் போனார். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலே காதில் விழாது. அண்ணன் அந்தச் சத்தத்துக்கு மேலே பாடினார். அந்தக் குரல்தான் அவரை மேடையேற்றியது. பஞ்சுத் தூசியும் சும்மா விடவில்லை, அவர் நெஞ்சில் குடியேறியது. பாடும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கரகரவென்று ஒரு மூச்சு இழுப்பார். "என்னண்ணே, பாட்டை விட மூச்சுச் சத்தம் பெருசா இருக்கு?" என்று நான் கேலி செய்தால், "அது பாட்டோட இனாம் தங்கச்சி" என்பார்.

மாரியம்மன் திருவிழாவுக்கும் பாடினார், இழவு வீட்டிலும் பாடினார். தேர்தல் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. சினிமா மெட்டில் கட்சி வரிகளைப் போட்டு, காலையில் ஒரு கட்சிக்கும் சாயங்காலம் எதிர்க்கட்சிக்கும் பாடுவார். பாட்டு ஒன்றுதான். வேட்பாளர் பெயரை மட்டும் தனித்தனியாகப் பாடிக் கொடுப்பார், ஸ்டுடியோவில் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். ஜனங்கள் கொள்கையைக் கேட்கிறார்களோ இல்லையோ, மெட்டைக் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். மகன் குரலோடு எந்தக் கட்சி ஆட்டோ வந்தாலும், ஓட்டுபவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்.

எல்லாருக்கும் பாடிய அண்ணன் ஒரே ஒருவருக்கு மட்டும் பாட மறுத்தார். அவர் பெயர் இந்த மலரிலும் வேண்டாம். அப்பா தன்னைப் பிறந்த ஊரில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். பாடையைத் தூக்கிக்கொண்டு போனபோது, எங்கள் சாதிப் பிணம் ஊர்ப் பாதையில் வரக் கூடாதென்று குறுக்கே நின்றவர் அந்த மனிதர். சேற்று வயலில் இறங்கித்தான் அப்பாவைக் கொண்டுபோனோம். அண்ணன் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தார். முழங்கால்வரை சேறு. ஊரார் பிணத்துக்கெல்லாம் பாடியவர், அப்பாவுக்கு வாய் திறக்கவில்லை.

பின்னாளில் அதே மனிதர் மதுரைக்கு வந்து பெரிய புள்ளியாகி எங்கள் பகுதியிலேயே தேர்தலில் நின்றார். "எங்கப்பாவச் சேத்துல இறக்குன ஆளு பேரு என் வாயில வராது" என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அந்த ஒரு சொல்தான்.

கடைசி மாதங்களில் மூச்சே பெரும்பாடாகிவிட்டது. பாட முடியாமல் கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே போய்விட்டார்.

அதன்பின் வந்த தேர்தலில் அந்த மனிதர் மறுபடி நின்றார். நான் குடியிருக்கும் திருநகரிலிருந்து அம்மாவைப் பார்க்கப் போயிருந்த அன்று, தெருமுனையில் அண்ணன் குரல் கேட்டது. அம்மா வழக்கம்போலச் சொம்போடு வாசலுக்கு ஓடினார். ஆட்டோ நெருங்க நெருங்க, அந்தப் பெயரை அண்ணன் பாடுவது தெளிவாகக் கேட்டது. ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்ப.

அம்மா சொம்பை வாசலில் கவிழ்த்தார். "ஏண்டி, செத்துப்போனா ரோசமும் போயிருமா?" என்றார். உள்ளே போய் அண்ணன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். தினமும் படத்துக்கு முன்னால் வைக்கும் காபியையும் அன்று முதல் வைக்கவில்லை.

நானும் அண்ணியும் ஸ்டுடியோவுக்குப் போனோம். "அண்ணன் குரல் எங்ககிட்ட எம்புட்டோ இருக்கு தங்கச்சி. அதை வச்சு கம்ப்யூட்டரே பாடிக்கிருது. பேரு ஒண்ணுதானே?" என்றார் ஸ்டுடியோக்காரர். அண்ணி அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தாதவர். "அந்த ஒரு பேருக்காகத்தான் அவரு ரோசத்தோட செத்தாரு" என்றார். ஸ்டுடியோக்காரர் தலை குனிந்தது. பாட்டை நிறுத்தச் செய்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அது அண்ணன் பாடியதல்ல, கம்ப்யூட்டர் பாடியது என்று வந்து சொன்னோம். ஆனால் அம்மா நம்பவில்லை. அந்தப் பாட்டைப் போனில் போட்டு அவர் காதோடு வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "மூச்சு எங்கடி?" என்றார். மறுபடி கேட்டார். "மூச்சே வாங்கல. இது அவன் இல்ல!" எழுந்து போய்ப் படத்தைத் திருப்பி, முந்தானையால் துடைத்து, "ஏப்பா, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்று அழுதார். காபியும் வைத்தார். எனக்கு உயிர் வந்தது.

அந்த நிம்மதி அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. "இப்ப அவன் பாடுன பாட்டா ஒண்ணு போடு" என்றார். போட்டேன். அடுத்தது கேட்டார், போட்டேன். எல்லாம் அண்ணன் உயிரோடு பாடியவைதான். ஆனால் பதிவு செய்யும்போதே ஸ்டுடியோவில் மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றிலும் அந்தக் கரகரப்பு இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். "அப்ப இதுவும் அவன் இல்லையாடி?" என்றார். அதற்கு நான் சொன்ன எந்தப் பதிலும் அவர் காதில் ஏறவில்லை. இப்போது தெருவில் எந்தப் பாட்டு கேட்டாலும் அம்மா வாசலுக்கு வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த தறிக்கூட நண்பர்களுக்கும், இறுதி ஊர்வலத்தைப் பெரிய வீதி வழியாகவே தலைநிமிர்ந்து கொண்டுபோன செல்லூர்ச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவிலோ, பழைய போனிலோ அண்ணன் இருப்பார். மொய் எழுதும் இடத்தில் பேசியிருப்பார், பந்தியில் இருமியிருப்பார், மைக்கைத் தட்டிப் பார்த்து மூச்சு இழுத்திருப்பார். பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எதையும் வெட்டாமல் அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். அம்மாவுக்குத் தன் மகனை அடையாளம் காட்ட வேண்டும்.