எங்கள் தோட்டத்துக்கு பஸ் வந்த கதை

மூத்த பேத்தி பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேரன் மொனராகலையில் வாத்தியார். சின்னவளுக்கு ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ.

இன்று பதுளையிலிருந்து வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தோட்டப் பள்ளிக்கூட மலருக்காக எங்கள் பஸ்ஸின் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"எழுதிக்கங்க டீச்சர். இந்த பஸ்ஸ கொண்டு வந்ததே எங்க வீட்டுக்காரருதான்."

முன் சீட்டில் இருந்த செல்லம்மா திரும்பினாள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவள்.

"ஏங்க கங்காணியம்மா, எங்கம்மா ராமாயிதானே பொம்பளைங்கள சேத்துக்கிட்டு, பஸ் கேட்டு மூணு நாளு வேலைக்குப் போகாம ரோட்டுல குந்துனாங்க? 'பஸ் வந்தா ஆளுக டவுனுக்கு ஓடிரும், காலையில வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுக்கு வராதுக'ன்னு தொரைகிட்ட சொன்னவரு ஒங்க கங்காணிதானே?"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு மறதி இல்லை. அந்த மூன்று நாளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வெயிலில் இருந்தவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு கதையை மாற்றிச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.

"அவ சொல்றதுதான் நெசம் டீச்சர். நா சொன்னத வெட்டிருங்க."

தலை நிமிராமல் இறங்கி வந்தேன்.

மலரில் போட ராமாயியின் படம் வேண்டுமாம். செல்லம்மாவிடம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்து ஆட்களே, உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் எங்காவது பின்வரிசையில் நிற்பாள். தேடி, இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் படம் வேண்டாம். அதை இங்கே நானே நாலு தடவை போட்டுவிட்டேன்.