இரும்பு துளைபடும் ஓசை

அன்று காலை ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், எனக்கு மூத்த ஆய்வு மாணவியான அக்கா, பிறகு வந்து சேர்ந்த அவளுடைய அப்பா. அக்கா அவரை அத்தா என்பாள். இல்லாதவர் எங்கள் பேராசிரியை. ஏதோ கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு வேறு காரணம் சொல்லியிருப்பார், அக்காவின் அத்தா அதை நம்பிக்கொண்டு போயிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கல்வராயன் மலையில் ஓர் ஊருக்கு ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் குழாயிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு இரும்புத் துண்டுகள், அதே ஊற்றின் தண்ணீரில், கண்ணாடிக் குடுவைக்குள் நின்றன. துரு பிடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தை ஒரு மீட்டர் அளக்கும். அதன் முதுகிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரிக்கு அது புதுசு. கேபிளையும் நிரலையும் பொருத்தவே நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தோம். அந்தக் கோடு அவ்வப்போது முள்ளாய் எழும்பி, மெல்ல அடங்கியது. நாளெல்லாம் திரையையே வெறித்துக்கொண்டிருக்க முடியாமல், முள் எழும்போதெல்லாம் கம்ப்யூட்டர் 'டிக்' என்று ஒலிக்கும்படி நான்தான் நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

"அது துரு இல்ல, உங்க வயரிங்" என்று பேராசிரியை சொல்லிவிட்டார். நாங்களும் எர்த்துக்குக் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டினோம். கேபிளை மாற்றினோம். ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தோம். எதிர்த் தெரு மாவு மில்லைக்கூடச் சந்தேகப்பட்டோம். "மில்லுக்காச்சும் ஞாயித்துக்கிழம லீவுடா, இதுக்கு லீவே இல்ல" என்றாள் அக்கா. அன்று காலைதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இரும்புத் துண்டுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில், துருவே பிடிக்காத மின்தடையான ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டினாள். வயர் அதே, மீட்டர் அதே, கம்ப்யூட்டரும் அதே. கோளாறு வயரிங்கில் இருந்தால் சத்தம் தொடர்ந்திருக்க வேண்டும். கோடு அசையாமல் படுத்துக்கொண்டது. திரும்ப இரும்பை மாட்டினாள், டிக். ஒவ்வொரு டிக்கும் இரும்பின் தோலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம் பிறப்பது என்று புரிந்தபோது நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை. அந்தப் பைப்பை மலைக்கு விற்றது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் அத்தாவின் ஹார்டுவேர் கடை. சந்தோஷத்தில் அதை நான் மறந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார். அடுத்த வாரம் அவரும் அவர் மனைவியும் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்கள். போகிறவர்கள் கடனைத் தீர்த்துவிட்டு, பழகியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். டீக்கடை, லோடு ஆட்கள், கடைக்கு எதிரே செருப்புத் தைப்பவர் என்று சுற்றிவிட்டு, மகள் வேலை செய்யும் இடத்துக்கும் வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மனசு நோவ ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சுடுங்க. மாடு மேய்க்கிற வூட்லேந்து வந்து மவுஸ் புடிச்சிகினு இருக்கியேன்னு ஒருநா கேலி பண்ணேனே, ஞாபகம் இருக்கா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். தியாகதுருகத்துப் பக்கம் என் அப்பா இன்னும் குத்தகை நிலத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சிரிச்சேனே பாய்."

"சிரிச்சீங்க. ஆனா காது செவந்துச்சு. நான் பாத்தேன்."

அப்போது கம்ப்யூட்டர் ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சத்தம் இது?"

ஸ்பீக்கரை அணைக்க என் கை போனது. அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். பேராசிரியையின் சொல் அங்கே தயாராகக் கிடந்தது: வயரிங் கோளாறு. அதைச் சொன்னால் போதும், அவர் சலாம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். அக்கா ரெசிஸ்டரை மாட்டிக் காட்டினாள். நிசப்தம். இரும்பை மாட்டினாள். டிக்.

"நம்ம பைப்பு அத்தா. மலைக்குப் போனது. மேல்பூச்சு ரொம்ப மெல்லிசு. ஓட்ட வுழுது."

அவர் குனிந்து குடுவையைப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. "எத்தினி நாள் தாங்கும்?"

"இந்த மழை வரைக்கும் தாங்குனாலே ஜாஸ்தி."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த மலையூர்க்காரங்க புளி வித்த காச மூட்ட கட்டி எடுத்தாந்தாங்க. பாவம், இவங்களால எவ்ளோ முடியும்னு, இருக்கறதுலயே கம்மி வெலைல குடுத்தேன். எரக்கப்பட்டுத்தான் குடுத்தேன்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் மறுபடி ஸ்பீக்கர் பக்கம் போனபோது, "இருக்கட்டும் தம்பி" என்றார். உச்சிப்பொழுது தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு டிக்கையும் கேட்டார்.

இந்தக் கடனை வைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போகக்கூடாது என்று பயணத்தை ரத்து செய்தார். அவர் மனைவி பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினார் என்று அக்கா சொன்னாள். மழைக்கு முன்னால் லாரியில் நல்ல பைப்பாக ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். ஊர்ப் பெரியவர் வழியிலேயே மறித்துக்கொண்டார்.

"இன்னா பாயி, மெக்காவுக்குப் போறன்னாங்க, மலையேறிக்கினு வர்ற?"

"போற வழிதான். இங்க ஒரு வேல பாக்கி."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அக்கா மட்டும் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தோண்டியெடுத்த பழைய பைப்பைத் தட்டினால் இரும்பின் ஒலியே இல்லை. சில இடங்களில் விரல் உள்ளே போனது.

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். கடைக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன். ஆணியை எடைபோட்டுக்கொண்டிருக்கும் கை பாதியில் நின்றுவிடும். தலையைச் சாய்த்து, "கேக்குதா தம்பி?" என்பார். வெளியே ஷேர் ஆட்டோக்கள் அலறிக்கொண்டிருக்கும். "இல்லீங்க பாய்" என்பேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. விற்றுப்போன பைப்பெல்லாம் எங்கெங்கே புதைந்து கிடக்கிறது என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. அதன் பிறகு ஹஜ்ஜுக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. மக்காவில் உடுத்த வாங்கிய வெள்ளைத் துணியில்தான் அவரைப் பொதிந்து அடக்கம் செய்தார்கள்.

இப்போது நான் வேறு ஊரில், பெரிய ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்கிறேன். கருவிகள் கேபிள்கூட இல்லாமல் கம்ப்யூட்டரோடு பேசிக்கொள்கின்றன. ஒலிக்கான அந்த வரியை நான் எந்த நிரலிலும் எழுதுவதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. திரையில் முள் எழுந்தால் என் காதே அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொள்கிறது.

போன மாதம் அக்காவிடம் போனில் கேட்டேவிட்டேன், அத்தா ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்று.

"சொல்லியிருக்கலாம். வந்தும் பைப்பத்தான் மாத்தியிருப்பாரு" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா?"

"அங்க போயி அவரு அழுது துவா கேக்கறப்போ, அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருக்குமேடா." நான் கேட்காமலே கணக்கையும் சொன்னாள். புதுப் பைப், லாரி வாடகை, தோண்டிப் பதித்த கூலி, ரத்தான பயணத்தில் பிடித்துக்கொண்டது, எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய்.