சின்ன ரூமில் அடித்த மணி

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய அந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் சவுரியம்மாள் சிஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. வயது நாற்பத்து நாலு, சர்வீஸ் பத்தொன்பது. ஒலக்கூர், பிரம்மதேசம் பக்கத்துப் பெண்கள் பிரசவத்துக்கு வந்தால், டாக்டர் யார் என்று கேட்பதற்கு முன்னால் "சவுரி சிஸ்டர் டூட்டியில இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். ஸ்கேன் பிறகு வந்து ஆமாம் சாமி போடும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் கழனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி அவளை நர்சிங் படிக்க வைத்தவர்கள். அந்தப் படிப்புக்கு அவள் ஒருநாளும் துரோகம் பண்ணியதில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவள் செய்யமாட்டாள். கருவைக் கலைக்கும் கேஸ் என்றால் அந்த அறைப்பக்கமே போகமாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அப்படி ஒரு கேஸில் கூட நின்றாள். தட்டில் கிடந்ததைத் துணி போட்டு மூடச் சொன்னார்கள். மூடும்போது பார்த்துவிட்டாள். விரல்கள் இருந்தன. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சட்டம் ஒத்துக்கொள்கிறது, டாக்டர் செய்கிறார், வந்த பெண்ணுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை வரவில்லை. வராத கையை என்ன செய்ய முடியும்?

தனக்கு மட்டும்தான் இந்த வியாதியோ என்று அவள் குழம்பிக்கிடந்த நாளில்தான் விழுப்புரத்துக் கூட்டம் கிடைத்தது. குழந்தை டாக்டர் அறிவுச்செல்வன் ஆரம்பித்தது. அவளைப்போலவே கை வராத பதினோரு பேர். நர்சுகள், ஒரு மயக்க டாக்டர், மருந்துக்கடை அம்மா ஒருத்தி. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு பேசுவார்கள். மேலதிகாரி திட்டியது, வேலை போய்விடும் என்று மிரட்டியது, வீட்டுக்காரரே கிண்டல் பண்ணியது, எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவார்கள். ஒருத்திக்கு வேலை போனால் மற்றவர்கள் அலைந்து வேறு இடம் பார்த்துக் கொடுப்பார்கள். "மனசுக்கு ஒவ்வாத கேஸில் நிற்காமல் இருக்க எங்களுக்கு எழுத்தில் விலக்கு வேண்டும்" என்று ஒரு மனுவும் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் முதல் கையெழுத்து சவுரியம்மாளுடையது என்று எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் கை படாதவள் வேறு யார்?

அந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. ஃபைலைத் திறக்காதே, காரணம் கேட்காதே, டூட்டியை மட்டும் மாற்றிக்கொள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உள்ளே போகலாம். நல்ல மனசோடு போட்ட விதிதான். ஏன் கலைக்கிறாய் என்று எந்தப் பெண்ணையும் நாம் குடையக்கூடாது. அவளுக்குத் தீர்ப்பு எழுத நாம் யார்? நம் கையை மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம். சவுரியம்மாளுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். பாம்பும் சாகாமல் கம்பும் ஒடியாமல் இருந்தது.

டூட்டியை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே. அதற்கு முஹ்சினா இருந்தாள். கோட்டக்குப்பத்துப் பெண், வீட்டுக்காரர் ஷார்ஜாவில். கூட்டத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது. அவளுடைய ரம்ஜான், பக்ரீத், மாமியாருக்கு முட்டிவலி என்று எந்த நாளாக இருந்தாலும் அவள் டூட்டியில் சவுரியம்மாள் நின்றுகொள்வாள். பதிலுக்கு நடைக்கோடியில் இருக்கும் சின்ன ரூம் கேஸெல்லாம் முஹ்சினாவுக்கு. ஆறு வருஷமாக இது வாய்க்கால் தண்ணீர்போலச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் பிரபாவதிக்கும் தெரியும். கெட்டிக்கார நர்சை எதற்கு இழப்பானேன் என்று அவரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு முஹ்சினா டூட்டி முடித்துப் புதுச்சேரி பஸ் ஏறிவிட்டாள். சவுரியம்மாள் வார்டை ஏற்றுக்கொண்டு அரைமணி ஆகியிருக்கும். அவசர சிசேரியன் ஒன்றுக்காக பிரபாவதி டாக்டர் தியேட்டருக்குள் ஓடிக்கொண்டே சொன்னார்.

"சின்ன ரூம்ல ஒரு பேஷன்ட் சேர்த்திருக்கேன் சிஸ்டர், அஞ்சு மாசம். மாத்திரை வெச்சாச்சு. ட்ரிப் போட்டுப் பக்கத்துல இருங்க. முடியாதுன்னா உங்க ஆள வரச்சொல்லுங்க."

சின்ன ரூம், மாத்திரை, அஞ்சு மாசம். சவுரியம்மாளுக்கு அது போதும். ஃபைல் மேசைமேல் மூடியபடி இருந்தது. விதிப்படி அதைத் தொடவில்லை. போனை எடுத்தாள்.

"முஹ்சினா, எங்க கீற?"

"கிளியனூர் தாண்டிக்கினு இருக்கேன் அக்கா. இன்னா, சின்ன ரூமா?"

"ஆமாண்டி. கொஞ்சம் வந்துடேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, எறங்கி வர்றேன்."

ட்ரிப் போடுவதும் அந்த வேலையில் ஒரு பங்குதான் என்று கூட்டத்தில் பேசி வைத்திருந்தார்கள். அதனால் அதையும் செய்யவில்லை. சின்ன ரூமிலிருந்து மணி அடித்தது. ஆயா கோவிந்தம்மாளை அனுப்பினாள். தண்ணீர் கேட்டார்களாம், கொடுத்தாளாம். மறுபடி அடித்தது. குளிருகிறதாம், போர்வை போர்த்தினாளாம். மூன்றாவது தடவை அடித்தபோது கோவிந்தம்மாள் சிசேரியனுக்கு ரத்தம் வாங்கக் கீழே போயிருந்தாள்.

மணி விட்டு விட்டு அடித்தது. சவுரியம்மாள் நடையில் நின்றாள். கதவுக்கும் அவளுக்கும் பத்தடி இருக்கும். போகலாமா? போனால் எதையாவது செய்யச் சொல்வார்கள். போகாவிட்டால்? இதோ முஹ்சினா வந்துவிடுவாள். ஒரு அடி வைத்தாள், திரும்ப எடுத்துக்கொண்டாள். மணி நின்றது. அப்பாடா என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் முஹ்சினா மாடிப்படி ஏறி நேராகச் சின்ன ரூமுக்குள் போனாள். அடுத்த நொடி கத்தினாள்.

"அக்கா! ஜல்தி வா! ஜல்தி!"

சவுரியம்மாள் ஓடினாள். படுக்கை முழுக்க ரத்தம். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துக் கிடந்தது. அதன்பிறகு சவுரியம்மாளின் கைகள் எதையும் யோசிக்கவில்லை. ஊசி, ட்ரிப், வயிற்றை அமுக்கிப் பிடித்தது, டாக்டருக்குக் குரல் கொடுத்தது என எல்லாம் தானாக நடந்தன. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி ஆளைப் பிழைக்க வைத்தார்கள்.

எல்லாம் முடிந்து குறிப்பு எழுத ஃபைலைத் திறந்தாள். கலையரசி, வயது முப்பது, ஒலக்கூர் பக்கம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தரித்த முதல் கரு. ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை. குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்து நாலு நாள்.

யாரும் எதையும் கலைக்க வரவில்லை. செத்த பிள்ளையை வெளியே எடுக்க வந்தவள். ஓடுகிற அவசரத்தில் டாக்டர் அதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது. எந்த விதியும் அவளைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. முதல் வரியைப் படித்திருந்தால் சவுரியம்மாளே பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்திருப்பாள்.

முஹ்சினா கை கழுவிக்கொண்டே பேசினாள். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "ஆறு வருஷமா உன் கை சுத்தமா இருக்கணும்னு நான் என் கைய அதுல வெச்சிக்கினு இருக்கேன் அக்கா. எனக்கும் மேல ஒருத்தன் இருக்கான். உனக்கு எப்படி இருக்குது முஹ்சினான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

கேட்டதில்லை. ரம்ஜானுக்கு நின்றுகொண்டதோடு சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

நாலாம் நாள் கலையரசியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரன் முருகையன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அவள் பின்தங்கி நின்று சவுரியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"ஒன்னு கேக்கட்டுமா சிஸ்டர்? அன்னிக்கு மணி அடிச்சேன், நர்சம்மா யாரும் வரல. செத்த புள்ளைய சொமந்தவ கிட்ட போனா ஆவாதுன்னு நர்சம்மாங்களே ஒதுங்குறாங்க போலன்னு நெனச்சேன். எங்க மாமியாரும் அப்பிடித்தான் சொன்னாங்க, மத்த புள்ளத்தாச்சிங்க பக்கம் போவாதன்னு. நெசமாவே நான் அப்பிடியா ஆயிட்டேன்?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா, ஒடம்ப பாத்துக்க" என்று சவுரியம்மாள் மென்று முழுங்கினாள். கலையரசி நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அந்த ஞாயிறு விழுப்புரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மனுவில் முதல் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியபோதுதான் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"இனிமே ஃபைலைத் திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள் ஒரு நர்ஸ். "திறந்தா இது நல்ல காரணம், அது கெட்ட காரணம்னு தீர்ப்பு சொல்றவங்களா ஆயிடுவோமே. அதுக்குத்தானே விதியே போட்டோம்" என்றார் மருந்துக்கடை அம்மா. ஆபத்து என்றால் போகலாம் என்றுதான் விதியிலேயே இருக்கிறதே என்றார் மயக்க டாக்டர். உள்ளே போகாமல் ஆபத்து என்று எப்படித் தெரியும் என்று சவுரியம்மாள் கேட்டாள். எல்லோரும் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பேஜார்.

"அந்தப் பெண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேன் டாக்டர். அவ தன்னையே ராசி இல்லாதவன்னு நெனச்சிக்கினு இருக்கா" என்றாள் சவுரியம்மாள்.

அறிவுச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. "அவங்க புகார் கொடுத்தா உங்க வேலை போயிடும்மா. மனுவும் அதோட சரி. நர்சுங்களுக்கு விலக்கு குடுத்தா இப்படித்தான் ஆகும்னு சொல்லிடுவாங்க. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு மனசை ஆத்திக்கங்க. வாயை விட்டுடாதீங்க."

வீட்டில் அலெக்ஸ், அவள் புருஷன், டவுன் பஸ் டிரைவர். அவனிடம் கேட்டாள். "வண்டி இடிச்சா எறங்கிப் பாக்கணும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

மூன்று நாள் மதில்மேல் பூனையாகக் கிடந்தாள். வேலை போனால் மகளின் காலேஜ் படிப்பு என்னாவது? கூட்டத்தில் தன்னை நம்பி நிற்கும் பதினோரு பேர்? ஒருவேளை கலையரசி மறந்திருப்பாளோ? தலையைக் குனிந்துகொண்டு போனவள் எப்படி மறப்பாள்! நாலாம் நாள் காலையில் ஒலக்கூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினோம் என்று அவளுக்கே சரியாகப் புரியவில்லை.

கலையரசி வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் மஞ்சள்நீர்ச் சடங்கு, மைக் செட்டு அலறியது. இவளைக் கூப்பிடவில்லை போலும். சிஸ்டரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

சவுரியம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள். கூட்டத்தைச் சொன்னாள், விதியைச் சொன்னாள், மூடிய ஃபைலைச் சொன்னாள். "நீ அடிச்ச மணி எனக்குக் கேட்டுதும்மா. பத்தடியில நின்னுக்கினு இருந்தேன். நீ கலைக்க வந்தவன்னு நெனச்சிட்டேன். அதான் வரல. ராசியும் இல்ல, ஒன்னும் இல்ல. தப்பு என்னுது. நீ புகார் குடுத்தாலும் நான் ஒத்துக்குவேன்."

கலையரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "அப்ப என் மேல ஒன்னும் இல்ல" என்று இரண்டு தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இவ்வளவு எளிதாக இறங்கிவிடும் பாரத்தையா இத்தனை நாள் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தோம் என்று சவுரியம்மாள் வெட்கப்பட்டாள்.

பஸ்ஸுக்கு எழுந்தபோது கலையரசி கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

"சிஸ்டர், நெசமாவே நான் கலைக்க வந்தவளா இருந்து, அதே மாரி ரத்தம் போயிக்கினு மணி அடிச்சிருந்தா, அப்ப நீங்க வராதது சரிங்களா?"

சவுரியம்மாளுக்கு முதல் வருஷம் பார்த்த விரல்கள் கண்முன்னால் வந்தன. அவை பொய்யில்லை. கூடவே, சின்ன ரூமில் வெளுத்துக் கிடந்த உதடும் வந்தது. பதினெட்டு வருஷம் அவள் காப்பாற்றி வைத்திருந்த கையால் மோர் சொம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "ஆனா இனிமே மணி அடிச்சா வருவேன்."

வந்து என்ன செய்வாள், எதைச் செய்யமாட்டாள் என்று கலையரசி கேட்கவில்லை. அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போக, சவுரியம்மாள் பஸ்ஸுக்கு நடந்தாள்.