ஒரே சனிக்கிழமையில் பன்னிரண்டு மாதம்

ஆராய்ச்சியில் இறங்கும் இளம் டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும் என்று கொழும்பிலிருந்த குழு விதித்திருந்தது. வழிகாட்டி மாதம் ஒருமுறை, ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல், எங்களோடு உட்கார்ந்து கேள்வி கேட்டு, படிவத்தில் குறிப்பெழுதிக் கையெழுத்திட வேண்டும். வருடத்துக்குப் பன்னிரண்டு படிவங்கள். எனக்கு வாய்த்தவர் திருகோணமலையில் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். நான் படிவங்களை நீட்டிய முதல் நாளே பன்னிரண்டிலும் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்துவிட்டார்.

“உமக்கும் அலைச்சல் இல்லை, எனக்கும் அலைச்சல் இல்லை, பிள்ளை,” என்றார்.

அன்றைக்கு அவர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். ஏழாம் மாதம் நான் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுக்கையில் கிடந்தேன். படிவத்தின்படி அப்போதும் நல்ல முன்னேற்றம்தான்.

என் ஆராய்ச்சி திருக்கை மீனின் முள்ளைப் பற்றியது. வலை இழுக்கிறவர்கள் காலில் திருக்கை குத்தினால், சாம்பல்தீவிலிருந்து குச்சவெளி வரை எல்லோரும் செய்வது ஒன்றுதான். பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்து அதற்குள் காலை விட்டுக்கொண்டிருப்பார்கள். படித்த எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருடமாக ஆஸ்பத்திரிக்கு வந்த, முள் குத்திய ஒவ்வொரு காலையும் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். சுடுதண்ணீரில் வைத்துவிட்டு வந்த கால்கள் எல்லாம் வீங்கி, நோவு குறையாமல்தான் வந்தன. சுடுதண்ணீரால் ஒரு பயனும் இல்லை என்று முடிவெழுதி, அதை மூன்று முறை வாசித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். திங்கட்கிழமைத் தபாலில் அது கொழும்புக்குப் போக வேண்டும். போனால் எனக்குச் சீமையில் மேற்படிப்பு. போகாவிட்டால் அந்த வருட இடம் வேறொருவருக்கு. நான் பெட்டிகூட வாங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு சந்திப்பும் உண்மையாக நடந்ததென்று வழிகாட்டி தனியாக உறுதி எழுதித் தரவேண்டுமாம். ஒரு வரிதானே என்று கொண்டுபோனேன். ஞாயிறு பூசை தவறாத மனிதர், பேனாவைத் திறந்தார், மூடினார்.

“பொய் எழுத ஏலாது.”

“சேர், படிவத்திலை ஏற்கெனவே எழுதியிருக்கிறீங்கள்.”

“அது முன்கூட்டிச் சொன்னது, பொய் இல்லை. நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வீட்டை வாரும். பன்னிரண்டையும் வைச்சு முடிப்பம்.”

வைத்தார். மேசையில் மணிக்கூடு, எதிரெதிரே இரண்டு கதிரை. ஒவ்வொரு மணித்தியாலம் முடியவும் என்னை வாசலுக்கு அனுப்பி, திரும்ப உள்ளே கூப்பிட்டு, “வாரும் பிள்ளை, கன நாளாக் காணேல்லை,” என்பார். அவருடைய மனைவி புதிதாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். ஏழாவதில் என் செங்கமாரியைக் கரிசனையோடு விசாரித்தார். ஒன்பதாவதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார்.

“இந்தத் தழும்பு திருக்கை குத்தினது. நீர் ஆராய்ச்சி தொடங்கி மூண்டாம் மாசம், தூண்டில் போடப்போன இடத்திலை.”

“என்ரை கொப்பியிலை உங்கடை கால் இல்லையே, சேர். ஆஸ்பத்திரிக்கு வரேல்லையோ?”

“ஏன் வாறன்? இவ சுடுதண்ணி வைச்சுத் தந்தா, நோ போயிட்டுது. சுகமானவனுக்கு ஆஸ்பத்திரியிலை என்ன வேலை?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. இருவரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுடுதண்ணீரில் சுகமானவர்கள் அவரைப் போலவே வீட்டோடு நின்றுவிட்டார்கள். சுகமாகாதவர்கள்தான் என்னிடம் வந்தார்கள். அவர்களை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு கரையோரம் முழுவதற்கும் விசர், பைத்தியம் என்று எழுதாக் குறையாக எழுதி வைத்திருந்தேன்.

“சொந்த டாக்குத்தரின்ரை காலையே பாராமல் இந்தப் பிள்ளை ஒரு வருஷமா என்ன எழுதினது?” என்று குசினியிலிருந்து அவர் மனைவி கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. “மூண்டாம் மாசச் சந்திப்பை மூண்டாம் மாசமே வைச்சிருந்தால் இந்தக் காலை அப்பவே பாத்திருப்பன், சேர்!” என்று கத்திவிட்டேன்.

அவர் செருப்பை மெதுவாகப் போட்டுக்கொண்டார். “ஓம் பிள்ளை. என்ரை பிழைதான்,” என்றார். “உறுதிக் கடிதம் நான் எழுதித் தருவன். அறிக்கையை அனுப்புறதும் விடுறதும் உம்மடை கையிலை.”

மிச்சம் மூன்று சந்திப்பு இருந்தது. அந்த மூன்றிலும் எந்தெந்தக் கரைக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு வராத கால்களை எப்படித் தேடுவது என்று இருவரும் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து எழுதினோம். மணிக்கூட்டை யாரும் பார்க்கவில்லை. இரவு எட்டு மணிக்கு அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் எழுந்தோம். திங்கட்கிழமைத் தபாலில் நான் ஒன்றும் போடவில்லை. சீமை இடம் யாருக்குப் போனதோ, அந்த ஆளை நான் ஒரு வருடம் வாயாரத் திட்டினேன். புதுப் பெட்டிக்குள் கொப்பிகளை அடுக்கினேன்.

அடுத்த மாதம், ஆராய்ச்சியின் இரண்டாம் வருடத்துக்கென்று கொழும்பிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு படிவங்கள் வந்தன. அவர் பேனாவைத் திறந்து, பழக்க தோஷத்தில் முழுக் கட்டுக்கும் கையை நீட்டினார். நான் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, பதினொன்றைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினேன்.